தந்தையின் நூலும் தனயனின் விதியும்

ஓர் அறிஞர் ஒரு கட்சியைக் கடிந்து நூல் எழுதுகிறார். அரை நூற்றாண்டு கழிகிறது. அதே கட்சியின் தலைமைப் பீடத்தில் அவருடைய மகனே அமர்கிறார். தந்தை குறை கூறிய அமைப்பைத் தம் கையாலேயே மாற்றுகிறார். கதையில் வந்தால் கற்பனை என்றே கூறியிருப்போம். ஆனால் இது நடந்த நிகழ்ச்சி. நடந்த இடம் பிரிட்டன். தந்தை, ரால்ஃப் மிலிபாண்ட். நூல், 1961-இல் வெளிவந்த ‘பாராளுமன்ற சோஷலிசம்’. மகன், 2010 முதல் 2015 வரை தொழிற்கட்சியின் தலைவராயிருந்த எட் மிலிபாண்ட்.

அந்த நூலை நாம் இன்று விரித்து வைப்பது அயல்நாட்டுச் செய்தியறிந்து பொழுதுபோக்குவதற்கன்று. உழைப்பாளர் பெயரால் பிறந்த கட்சி, தோல்வியால் துவளும்போது தன்னைத் திருத்திக்கொள்வது எப்படி? தன்னைப் பெற்றெடுத்த தொழிற்சங்கங்களோடு அது எத்தகைய உறவு கொள்வது? இக்கேள்விகள் பொதுவாழ்வில் நாட்டமுடைய இளைஞர் எவருக்கும் உரியவை.

ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். 1924-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940-இல் நாஜிப் படை பெல்ஜியத்தினுள் புகுந்தபோது தந்தையோடு தப்பி லண்டன் வந்தார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர் ஹரால்டு லாஸ்கியிடம் பயின்றார். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றினார். பின்னர்ப் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1994-இல் மறைந்த அவரை, 2013-இல் டெய்லி மெயில் நாளேடு, பிரிட்டனை வெறுத்தவர் என்று தூற்றிற்று! கருத்துக்கு மறுப்பெழுத வழியற்றவர், கருத்துரைத்தவர்மீது நாட்டுப்பகை என்னும் பழியைச் சுமத்துவது எந்நாட்டிலும் உள்ள பழைய வழக்கந்தான் போலும்.

தாயும் சேயும்

பல நாடுகளில் கட்சி முதலில் தோன்றும்; பிறகு அது தனக்கென ஒரு தொழிற்சங்கத்தை அமைத்துக்கொள்ளும். பிரிட்டனில் சங்கம் தாய், கட்சி சேய். 1900 பிப்ரவரியில் தொழிற்சங்கங்களும் சில சோஷலிச அமைப்புகளும் லண்டனில் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை நிறுவின. மறு ஆண்டே டாஃப் வேல் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பு வழங்கிற்று: வேலைநிறுத்தத்தால் இரயில்வே கம்பெனிக்கு நேர்ந்த நட்டத்திற்குச் சங்கமே பொறுப்பு! சங்கம் 23,000 பவுன் இழப்பீடு கட்ட நேர்ந்தது. ஆலை வாயிலில் வென்றாலும் நீதிமன்றத்தில் தோற்போம் என்பதனை அந்த அடி தொழிலாளர்க்கு உணர்த்திற்று. சட்டம் இயற்றும் இடத்திற்கே செல்லவேண்டும் என்று சங்கங்கள் அக்குழுவை நோக்கித் திரண்டன. 1906-இல் 29 பேர் பாராளுமன்றம் புகுந்தனர். குழு, தொழிற்கட்சி எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டே வந்த புதுச் சட்டம் தீர்ப்பின் தீங்கைத் துடைத்தது.

தனியொருவர் நேரே உறுப்பினராகச் சேர முறையான வழி திறந்தது 1918-இல் இயற்றப்பட்ட அமைப்புச் சட்டமே. அதற்குப் பின்னரும் ஆண்டு மாநாட்டில் ஓங்கியிருந்தது சங்கங்களின் மொத்த வாக்குத்தான். ஒரு சங்கத்தின் தூதுக்குழு தன் உறுப்பினர் அனைவர் பெயராலும் ஒரே பக்கமாக வாக்களிக்கும். ஆறு இலட்சம் பேர் ஆமென்று எண்ண, நான்கு இலட்சம் பேர் இல்லையென்று எண்ணினாலும், ஓர் அட்டை உயரும். பத்து இலட்சமும் ஒரே பக்கம் விழும். அந்த நான்கு இலட்சம் பேரின் எண்ணம் அட்டையின் அடியிலே அமுங்கிப்போகும்.

நூலின் வலிமை

தொழிற்கட்சிக்குக் கொள்கையில் பிடிவாதம் கிடையாது. ஆனால் பாராளுமன்ற முறையில் மட்டும் அதற்குப் பிடிவாதம் உண்டு. இதுவே நூலின் உயிர்க்கருத்து. ஊர் செல்லப் புறப்பட்டவன் வழியிலுள்ள மைல்கல்லுக்கு மாலையிட்டு, அதனடியிலேயே அமர்ந்துவிட்டதைப் போன்றது அக்கட்சியின் கதை என்று நாம் அதனை விளக்கலாம். 1926-இன் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் கைவிடப்பட்டது ஏன்? 1945-இல் 393 இடங்களோடு ஆட்சியேறி, சுரங்கங்களையும் இரயில்வேயையும் பொதுவுடைமையாக்கியவர்கள், அவற்றின் நிர்வாகத்தில் தொழிலாளர்க்குப் பங்களிக்கத் தயங்கியது ஏன்? ஆசிரியர் ஆண்டுவாரியாக ஆவணங்களை அடுக்குகிறார். தலைவர்களின் சொல்லையும் செயலையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகிறார். வசைமொழி இல்லை, வாதம் இருக்கிறது. ஒரு கட்சியை அதனிடம் அன்புகொண்டவரே ஈவிரக்கமின்றி ஆராயலாம் என்பதற்கு இந்நூல் நல்ல எடுத்துக்காட்டு.

எழுந்த காலமும் கருதத்தக்கது. 1951, 1955, 1959 என மும்முறை அடுத்தடுத்துத் தோற்றிருந்தது கட்சி. தலைவர் ஹியூ கெயிட்ஸ்கெல், பொதுவுடைமையைக் குறிக்கோளாகக் கூறும் நான்காம் விதியே தோல்விக்குக் காரணமெனக் கருதி அதனைத் திருத்த முனைந்தார்; முடியவில்லை. 1960-இல் ஸ்கார்பரோ மாநாடு, பிரிட்டன் தானாகவே அணுகுண்டைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. மறு ஆண்டே அத்தீர்மானம் கவிழ்க்கப்பட்டது. அந்தப் புயலின் நடுவே எழுதப்பட்டது இந்நூல்.

நூலின் குறைகள்

எனினும், போற்றுவதோடு நின்றால் அது திறனாய்வாகாது.

முதற்குறை, சங்கத் தலைவர்கள் பற்றிய மதிப்பீடு. பாராளுமன்றத் தலைவர்களுக்கு அரணாக நின்று, முன்னேற்றத்திற்குத் தடை போட்டவர்கள் அவர்கள் என்னும் கருத்து நூல் முழுதும் ஓடுகிறது. உண்மையுண்டு, முழு உண்மையில்லை. 1931-இல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, வேலையற்றோர் உதவித்தொகையில் நூற்றுக்குப் பத்து வெட்ட முற்பட்டபோது எதிர்த்து நின்றவர் யார்? எர்னஸ்ட் பெவின், வால்ட்டர் சிட்ரின் முதலான தொழிற்சங்கப் பேரவையினர் அல்லவா? மெக்டொனால்டு எதிர்க்கட்சியினரோடு கூடித் தேசிய அரசு அமைத்தார். 1929-இல் 287 இடம் பெற்ற கட்சி 52-க்குச் சரிந்தது. அன்று ஏழையின் கஞ்சியைக் காக்க நின்றது சங்கம். கைவிட்டது கட்சித் தலைமை. கெயிட்ஸ்கெல் நான்காம் விதியைத் தொடமுடியாமற் போனதும் சங்கங்களின் எதிர்ப்பால்தான். கப்பலை நகரவொட்டாமல் தடுக்கும் நங்கூரமே, புயலில் அதனைப் பாறையில் மோதாமலும் காக்கும். நங்கூரத்தின் இந்த இரண்டாவது பயனை ஆசிரியர் எடைபோடவில்லை.

இரண்டாவது குறை, சாதாரணத் தொழிலாளியின் குரல் நூலில் கேட்பதில்லை. தலைவர் துணிந்தால் தொண்டர் மட்டுமின்றி மக்களும் தொடர்வர் என்பது ஆசிரியரின் அடிப்படை நம்பிக்கை. 1983-இல் கட்சி மிகத் துணிவான தேர்தல் அறிக்கையோடு நின்றது. கிட்டியது நூற்றுக்கு 27.6 வாக்கு, 209 இடங்கள். 1981-இல் பிரிந்து சென்றோர் அமைத்த சமூக ஜனநாயகக் கட்சி வாக்குகளைப் பிளந்ததும் காரணமே. ஆகவே அந்தத் தேர்தல் ஒன்றையே கொண்டு ஆசிரியரை மடக்கிவிட முடியாது. ஆனாலும், தொழிலாளியே ஏன் தன் கட்சிக்கு வாக்களிக்க மறுக்கிறான் என்னும் கேள்வி விடையின்றி நிற்கிறது. தலைவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், தலைவரை வணங்கும் மனப்பான்மை தப்பிவிடும்.

மூன்றாவது, நோய் கூறியவர் மருந்து கூறவில்லை. 1961-இல் இருந்த சிறு நம்பிக்கையையும், 1972-ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னுரையில் அவர் கைவிட்டார்.

மகன் எழுதிய விதி

தந்தை நம்பிக்கையிழந்த இடத்தில் மகன் நம்பிக்கையோடு நுழைந்தார். 1981 முதல் தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று பிரிவு முறை இருந்தது: சங்கங்களுக்கு 40 பங்கு, பாராளுமன்ற உறுப்பினர்க்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30. 1993-இல் ஜான் ஸ்மித் அதனை மூன்று சம பங்காக்கினார். 2010-இல் உறுப்பினர் பிரிவிலும் பாராளுமன்றப் பிரிவிலும் முந்தியவர் அண்ணன் டேவிட். சங்கப் பிரிவின் வலிமையால் வென்றவர் தம்பி எட். அந்த ஏணியில் ஏறியவரே பின்னர் அதனை அகற்றினார்!

2013-இல் ஃபால்கிர்க் தொகுதி வேட்பாளர் தேர்வுக்காக யுனைட் சங்கம் முறைகேடாக ஆள் சேர்த்ததாகப் புகார் எழுந்தது. கட்சியின் விசாரணை பின்னர் விதிமீறல் இல்லையென்றது. அதற்குள் மாற்றத்துக்கான அறிவிப்பு வந்துவிட்டது. 2014 மார்ச் 1-இல் கூடிய சிறப்பு மாநாடு, மூன்று பிரிவு முறையை ஒழித்து, ஒருவருக்கு ஒரு வாக்கு என விதித்தது. சங்க உறுப்பினர் தாமே ஒப்பி எழுதித் தந்தால்தான் வாக்கு. 3 பவுன் கட்டிய ஆதரவாளர்க்கும் வாக்கு.

சங்கத்தின் பிடி தளர்ந்தால் கட்சி மிதவாதத்தின் பக்கம் சாயும் எனப் பலர் கணக்கிட்டனர். 2015-இல் அந்தப் புதுக் கதவு வழியே, நூற்றுக்கு 59.5 வாக்குடன் வந்தவர் இடதுசாரி ஜெரமி கார்பின்! கணக்கு தலைகீழாயிற்று. 2021-இல் கீர் ஸ்டார்மர் பழைய மூன்று பிரிவு முறையை மீட்க எண்ணி, எதிர்ப்பால் கைவிட்டார். வேட்பாளராவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் நூற்றுக்கு 20 பேர் ஆதரவு வேண்டுமென்ற விதியோடு அமைந்தார். தமக்கு வேண்டியவர் வருவதற்கென ஒவ்வொரு முறையும் வாயிலை இடித்துக் கட்டுவது சீர்திருத்தமாகாது.

சங்கத்தின் அரசியல் நிதியின் கதையும் இத்தகையதே. வேண்டாமென எழுதித் தராதவர் எல்லாரும் சந்தா செலுத்துவோர் என்றது 1913-ஆம் ஆண்டுச் சட்டம். வேண்டுமென எழுதியவர் மட்டுமே என்றது 1927-இன் சட்டம். 1946-இல் பழைய முறை மீண்டது. 2016-இல் புதிதாய்ச் சேர்வோர்க்கு அது மறுபடி கவிழ்ந்தது. 2025-இன் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் அதனையும் திருப்பியது. தொழிலாளி வாய்திறவாமல் இருப்பதைச் சம்மதமெனக் கொள்வதா, மறுப்பெனக் கொள்வதா என்பதே இந்த நூறாண்டுப் போர். அந்த வாயைத் திறக்கச் செய்யும் முயற்சியில் இதிற் பாதி உழைப்பேனும் செலவிட்டிருக்கலாகாதா?

ஆகவே நம் முடிவு இது. சங்க உறவை அறுத்தெறிக என்பாரோடு நாம் உடன்படோம்; அறுத்தால் அந்த இடத்தில் செல்வர்களின் பணப்பை வந்து அமரும். உறவு அப்படியே கிடக்கட்டும் என்பாரோடும் உடன்படோம். அறியாமல் செலுத்தும் சந்தா, கோயில் உண்டியலில் இடும் காணிக்கையின் உடன்பிறப்பு. ஒவ்வொரு தொழிலாளியும் ஏன் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், பெற்றவர் என்ன செய்தார் என்று கேட்டுத் தெளிந்து கொடுக்கும் உறவே உயிருள்ள உறவு. அதனை உண்டாக்கப் படிப்பகம் வேண்டும், பட்டறை வாயிற் கூட்டம் வேண்டும், கணக்குக் கேட்கும் துணிவு வேண்டும்.

தந்தை, பாராளுமன்ற வழிபாட்டைச் சாடினார்; மகன், வாக்கெண்ணும் முறையை மாற்றினார். தொழிலாளியின் சிந்தனையை வளர்க்கும் பணி இருவருக்கும் அப்பால் மிஞ்சி நிற்கிறது. இளைஞர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும். படித்தபின், தாம் சார்ந்த அமைப்பின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, அஞ்சாமல் ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டும்.