பக்கங்களில் ஓடும் சாலை

ரிச்சர்ட் ஸ்கேரி எழுதி வரைந்து 1974-இல் வெளிவந்த ‘கார்ஸ் அண்ட் டிரக்ஸ் அண்ட் திங்ஸ் தட் கோ’, வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் குழந்தையை நெடுஞ்சாலைக்கே கூட்டிப்போகும் படப் புத்தகம். ஒரு பன்றிக் குடும்பம் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கிளம்புகிறது; கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாலை. லாரிகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் நடுவே பென்சில் வடிவக் காரும் வாழைப்பழக் காரும் ஓடுகின்றன. பார்க்கிங் மீட்டர்களை இடித்துச் சாய்த்தபடி டிங்கோ என்ற நாய் பறக்கிறது. சைக்கிளை மிதித்துக்கொண்டு பிளாசி என்ற பெண் போலீஸ் விடாமல் துரத்துகிறார்.

ஸ்கேரியின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் ‘கோல்ட்பக்’ என்ற குட்டி மஞ்சள் வண்டில் தெரிகிறது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட, நெரிசலுக்குள் அது எங்கோ ஒளிந்திருக்கும். அதைத் தேடும் கண், தேடாத பல விஷயங்களையும் பார்த்துவிடுகிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் படித்துக்காட்டும் பெரியவரும் இந்தத் தேடலில் சமம்; பெரும்பாலும் குழந்தைதான் முந்தும். நாலாவது முறை புரட்டினாலும் அலுக்காததற்கு இதுவே காரணம்.

சற்று வளர்ந்தவர்களுக்கு நார்ட்டன் ஜஸ்டரின் ‘த பேன்டம் டோல்பூத்’ (1961). எதிலும் பிடிப்பில்லாத மைலோ, தன் அறைக்கு வந்த பெரிய பார்சலைப் பிரித்து, உள்ளே இருக்கும் சுங்கச்சாவடியைப் பொருத்துகிறான். அவனுடைய குட்டிக் கார் அதைக் கடந்ததும் வேறொரு நாடு. யோசிக்காமல் ஓட்டினால் வண்டி வழியில் நின்றுவிடும். மூளையைச் செலுத்தினால்தான் மறுபடி நகரும். ஜூல்ஸ் ஃபைஃபர் வரைந்த வரைபடமும் இருப்பதால், மைலோ போகும் வழியெல்லாம் விரல் வைத்துத் தொடரலாம்.