இரண்டாம் தட்டின் அவசரம்

யோகான் ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ வால்ட்ஸுக்கு எத்தனையோ ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது 1989 புத்தாண்டுக் கச்சேரியின் பதிவைத்தான். கார்லோஸ் க்ளைபர் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசித்தது.

எடுத்ததும் வால்ட்ஸ் வந்துவிடாது. ஏ மேஜரில் வயலின்கள் மெல்ல அதிர்கின்றன. ஆற்றின் மேல் பனி கலையாத விடியற்காலை. அதன் அடியிலிருந்து ஒரு ஹார்ன், வார்த்தையை யோசித்து யோசித்துப் பேசுகிறவர்போல, ச-க-ப என்று சில சுரங்களை மட்டும் சொல்கிறது. பிறகு டி மேஜருக்கு மாறி, அதே ச-க-ப ஏறும்போது தண்ணீரில் வெயில் பட்டுவிட்டது. மேலிருந்து இரண்டிரண்டு சொட்டாகப் பதில் விழுகிறது.

நடையில்தான் சூட்சுமம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கடிகாரம்போல் எண்ணினால் வால்ட்ஸ் செத்துப்போகும். வியன்னாக்காரர்கள் இரண்டாம் தட்டை இமைப்பொழுது முன்னாலேயே போட்டுவிடுவார்கள். மூன்றாவது நிதானமாக வரும். அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவளின் பாவாடை சுழல்கிறது. தாளக் கணக்கில் எழுதிவைக்க முடியாத இடம் அது.

இந்த வால்ட்ஸ் அரங்கேறியது 1867இல். முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் போரில் தோற்றிருந்தது. முடிவுக்குச் சற்று முன் முதல் மெட்டு தணிந்த குரலில் திரும்பி வரும்போது அந்தத் தோல்வி நினைவுக்கு வருகிறது. மேஜரில் இருந்துகொண்டே தொண்டையை அடைக்க வைக்கிற சந்தோஷம்.