ஆப்ஜெக்ட்டின் ஆயுள்: நிரல்மொழி மரபுகள் ஒரு பார்வை

நிரல் எழுதச் சொல்லித்தரும் பாடநூல்கள், ஆப்ஜெக்ட்டை எப்படிப் படைப்பது என்பதற்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகின்றன. அது எப்போது முடிகிறது, யார் முடித்துவைக்கிறார்கள், எந்த வரிசையில் என்பதற்கெல்லாம் ஒரு பத்தியோடு சரி. ஒரு மொழியை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

ஆப்ஜெக்ட் ஒன்று முடியும்போது இரண்டு கணக்கு தீர வேண்டும். முதலாவது, அது பிடித்திருந்த நினைவகம். அடுத்தது, அது ஏற்றிருந்த பொறுப்பு: திறந்த ஃபைலை மூடுவது, போட்ட லாக்கை எடுப்பது, டேட்டாபேஸ் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுப்பது. நினைவகம் சற்றுத் தாமதமாகத் திரும்பினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. லாக் தாமதமானால் அடுத்த த்ரெட் காத்துக் கிடக்கும். மூடாத ஃபைல்கள் சேர்ந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைத்த வரம்பில் முட்டி, புதிதாக ஒன்றைத் திறக்கவே முடியாமல் போகும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துத் தீர்ப்பதா, தனித்தனியாகவா என்ற இடத்தில்தான் மரபுகள் பிரிகின்றன.

சி மொழி இரண்டையும் எழுதுபவர் தலையில் வைத்தது. மாலாக் கொடுத்த நினைவகத்தை ஃப்ரீ செய்வது அவர் பாடு. மறந்தால் நினைவகம் கசியும். விடுவித்த இடத்தைப் பிறகும் தொட்டால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். நினைவக இடத்தைச் சுட்டும் சியின் பாயின்டர்களைச் சி++ மொழியும் சுவீகரித்துக்கொண்டது. பெரும்பாலும் சி++இல் எழுதப்பட்ட குரோமியம் பிரவுசரின் குழு, 2020இல் தன் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளை அலசியது. ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகக் கோளாறுகள். அவற்றில் பாதி, விடுவித்த இடத்தை மறுபடி தொட்டதால் வந்தவை.

மாற்று வழிகள் சி மொழிக்கு முன்பே பிறந்துவிட்டன, அதுவும் இரண்டும் ஒரே ஆண்டில். 1960இல் வெளியான லிஸ்ப் கட்டுரையில் ஜான் மெக்கார்த்தி, நிரலால் எட்ட முடிகிற செல்களுக்கெல்லாம் அடையாளமிட்டு, மிஞ்சியவற்றைத் திரட்டி மறுபடி பயன்படுத்தும் குப்பை சேகரிப்பு முறையை விவரித்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ், ஒரு செல்லை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணிவைத்து, எண்ணிக்கை பூஜ்யமானதும் விடுவிக்கும் முறையை வெளியிட்டார். இருவர் கையிலும் இருந்தவை பட்டியல் செல்கள் மட்டுமே. மூட வேண்டிய ஃபைலோ எடுக்க வேண்டிய லாக்கோ அவற்றில் இல்லை. குப்பை சேகரிப்பு, முதல் கணக்கைத் தீர்க்கப் பிறந்த மரபு. இரண்டாவதையும் அதன்மேல் ஏற்றியபோது தடுமாறியது.

அந்தத் தடுமாற்றத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜாவாவின் ஃபைனலைஸ் மெத்தடைப் பார்க்க வேண்டும். ஆப்ஜெக்ட் குப்பைக்குப் போகுமுன் அதை அழைப்போம் என்றது மொழி. எப்போது என்று சொல்லவில்லை. நினைவகம் நிறைய மிச்சமிருந்தால் சேகரிப்பவருக்கு அவசரமே இல்லை, அதுவரை ஃபைல் திறந்தே கிடக்கும். ஓடும் த்ரெட்டும் வேறு. போதாக்குறைக்கு, அந்த மெத்தடுக்குள் ஆப்ஜெக்ட் தன்னையே எங்காவது பதிந்துவைத்து மீண்டும் உயிர்பெறலாம். ஆப்ஜெக்ட் முடியும் இடத்திலேயே ஓடும் சி++ டிஸ்ட்ரக்டரும் ஃபைனலைசரும் இரு வேறு கருவிகள், ஃபைனலைசர் தனி த்ரெட்டில் ஓடுவதே சரி என்று ஆய்வாளர் ஹான்ஸ் போம் 2003இல் விரிவாக வாதிட்டார். ஜாவா கடைசியில் தெளிவான முடிவுக்கு வந்தது. 2011இல் வந்த ஏழாம் பதிப்பு, ட்ரை கட்டத்தின் தலையிலேயே ரிசோர்ஸைத் திறந்து, கட்டம் முடிந்ததும் தானாக மூடும் வசதியைத் தந்தது. 2017இல் ஃபைனலைஸ் கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டது. 2022இல் நீக்கப்படவிருப்பது என்றே குறிக்கப்பட்டது.

காலின்ஸின் எண்ணிக்கை வழி வந்தது பைத்தான். பரவலாகப் புழங்கும் சிபைத்தானில், கடைசிச் சுட்டல் அறுந்த கணமே ஆப்ஜெக்ட் போய்விடும். இதன் பழைய பலவீனம் வளையம்: அ ஆவைச் சுட்ட, ஆ அவைச் சுட்ட, வெளியே யாருமே இல்லாவிட்டாலும் எண்ணிக்கை பூஜ்யமாகாது. 2000இல் வந்த 2.0 பதிப்பு வளையம் தேடும் சேகரிப்பானைச் சேர்த்தது. ஆனாலும் வளையத்தில் உள்ள ஒன்றுக்கு, முடியும்போது ஓடும் டெல் மெத்தட் இருந்தால், எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் அப்படியே ஒதுக்கி வைத்துவிடும், 3.4இல்தான் அது தீர்ந்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. திறந்த ஃபைலை மூடாமல் விட்டாலும் சிபைத்தானில் காரியம் நடந்துவிடுகிறது. அதே நிரலை, எண்ணிக்கை வைக்காத பைபை என்ற இன்னொரு பைத்தான் செயலாக்கத்தில் ஓட்டினால் ஃபைல் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. செயலாக்கத்தின் குணத்தை மொழியின் வாக்குறுதியாக எண்ணிவிடும் ஆபத்து இது. கட்டம் முடிந்ததும் ஃபைலைத் தானாக மூடும், 2006இல் வந்த வித் கூற்றை ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்திலேயே பழக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு கணக்கையும் ஒரே இடத்தில் தீர்த்த பெருமை சி++ மரபுக்கு உரியது. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் அந்த மொழிக்கான வேலையைத் தொடங்கிய காலத்திலேயே கன்ஸ்ட்ரக்டருக்கு இணையாக டிஸ்ட்ரக்டரும் இருந்தது. ஒரு ஃபங்ஷனுக்குள் முதலில் லாக், அடுத்து ஃபைல், அதற்கடுத்து தற்காலிக பஃபர் என மூன்று ஆப்ஜெக்ட் படைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குறி மூடும் இடத்தில் பஃபர், ஃபைல், லாக் என்று தலைகீழாகப் போகும், சாரம் கட்டியவர்கள் மேலிருந்து பிரித்துக்கொண்டே இறங்குவதுபோல. பின்னால் வந்தது முன்னால் வந்ததை நம்பி நிற்கலாம் என்பதால் இந்த வரிசை. நடுவில் ரிட்டர்ன் வந்தாலும், எக்ஸெப்ஷன் எழுந்து பிடிக்கப்பட்டாலும் இதே முறைதான். நிரலைப் படிப்பவர் விரலை வைத்து "இதோ, இங்கே லாக் விடுகிறது" என்று காட்டலாம். எந்த மரபையும் நான் உரசிப் பார்க்கும் கல் இதுதான்.

குறையும் உண்டு. கடைசித் துண்டை எழுதி ஃபைலை மூடும் வேளையில் டிஸ்க் நிறைந்துவிட்டால்? டிஸ்ட்ரக்டரால் ரிட்டர்ன் மதிப்பு தர முடியாது. சி++11 முதல் அதிலிருந்து எக்ஸெப்ஷன் தப்பினால், விசேஷமாக அனுமதித்திருந்தாலொழிய, புரோகிராமே நின்றுவிடும். ஆகவே நூலகத்தின் ஃபைல் டிஸ்ட்ரக்டர் பிழையை விழுங்கிவிடுகிறது. பிழை தெரிய வேண்டுமானால் நாமே முன்கூட்டி மூடிப் பார்க்க வேண்டும். இந்த ஓரிடத்தில் ஜாவாவின் ஏற்பாடு மேல்: மூடும்போது எழுந்த பிழை வெளியே வரும், ஏற்கெனவே ஒரு பிழை இருந்தால் அதனோடு இணைந்து வரும்.

ரஸ்ட் சி++ வழியை எடுத்து, ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர் என்ற விதியைக் கம்பைலரே காவல்காக்கும்படி செய்தது. முதல் பதிப்பு 2015 மே மாதம் வெளியாகச் சில வாரங்களே இருந்தபோது ஒரு ஓட்டை தெரியவந்தது. தாய் ஃபங்ஷனின் மாறிகளைக் கடன் வாங்கி ஓடும் த்ரெட்டுக்கு ஒரு காவல் ஆப்ஜெக்ட் இருந்தது. அதன் டிஸ்ட்ரக்டர் த்ரெட் முடியும்வரை காத்திருக்கும். அந்தக் காவலை, ரஸ்டிலும் உள்ள எண்ணிக்கைச் சுட்டல்களின் வளையத்துக்குள் சிக்கவைத்தால் டிஸ்ட்ரக்டர் ஓடவே ஓடாது. த்ரெட்டோ போய்விட்ட மாறிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழு அந்த வசதியையே எடுத்துவிட்டு, "டிஸ்ட்ரக்டர் ஓடும் என்று நம்பிப் பாதுகாப்பைக் கட்டக் கூடாது" என்பதைக் கொள்கையாக்கியது. வெளியீட்டு நெருக்கடியிலும் காட்டிய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். 2022இல் 1.63 பதிப்பில் வசதி புது வடிவில் திரும்பியது: இப்போது காத்திருப்பது டிஸ்ட்ரக்டர் அல்ல, த்ரெட்டுகளைச் சுற்றி நிற்கும் ஃபங்ஷனே.

இன்று டிஸ்ட்ரக்டர் மரபு முட்டி நிற்கும் இடம் ஒத்திசைவில்லா நிரல். நெட்வொர்க் இணைப்பை ஒழுங்காக மூட மறுமுனைக்கு விடைபெறும் செய்தி ஒன்றை அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பைத்தான் 2015இலும் சி ஷார்ப் 2019இலும் அதற்கெனத் தனிக் கட்டம் கொடுத்துவிட்டன. சி++, ரஸ்ட் டிஸ்ட்ரக்டர்களுக்குள் அப்படிக் காத்திருக்க வழியில்லை. ரஸ்ட் எழுதுபவர் மூடும் மெத்தடைத் தானே அழைத்து முடித்துவிட்டுத்தான் ஆப்ஜெக்ட்டை விட வேண்டும். அவர் மறந்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது.