நேர்த்திக்கடனும் செயப்பாட்டு வினையும்

ஒரு கவிதையில் சொல் ஒன்று தளர்ந்திருந்தால் நான்கு பக்கம் விமர்சனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கிற தேர்தல் அறிக்கைகளையும் கொள்கைக் குறிப்புகளையும் மட்டும் யாரும் அப்படி வாசிப்பதில்லை. நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறுவது பற்றி அரசியல்வாதிகள் தரும் வாக்குறுதிகளைக் கொஞ்ச நாளாக வரிவரியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கண்ணில் பட்டது வாக்கியங்களின் வால். உறுதி செய்யப்படும், வழங்கப்படும், பாதுகாக்கப்படும். காரியம் நடக்குமாம். செய்யப்போவது யாருன்னு மட்டும் இருக்காது. இலக்கணத்தில் வினைமுதல் என்று சொல்லப்படுபவர் அங்கே காணாமல் போயிருப்பார்.

'நியாயமான மாற்றம்' என்ற கருத்து தொழிற்சங்கத்தில் பிறந்தது. நஞ்சான மண்ணைச் சுத்தம் செய்ய அரசிடம் நிதி இருக்கிறதென்றால், வேலை போகிற தொழிலாளிக்கும் ஒரு நிதி வேண்டும் என்று வாதாடியவர் அமெரிக்க எண்ணெய், ரசாயனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான டோனி மசோக்கி. அவர் கேட்டது பணம். 2015இல் பாரிஸ் உடன்படிக்கைக்குள் இந்தக் கருத்து நுழைந்தபோது இடம் கிடைத்தது முகப்புரையில். யாரையும் கட்டுப்படுத்துகிற பிரிவுகளுக்குள் அது வரவில்லை. நம்ம மொழியில் சொன்னால் பாயிரத்தோடு நின்றுவிட்டது, நூலுக்குள் போகவில்லை.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி ஐந்து வாக்குறுதிகளைச் சொல்லி அவற்றைப் பஞ்சாமிர்தம் என்றார். 2030க்குள் புதைபடிவமல்லாத மூலங்களிலிருந்து 500 கிகாவாட் திறன், 2070இல் நிகரப் பூஜ்ஜிய உமிழ்வு என்று எண்கள் துல்லியமாக இருக்கின்றன. ஐந்தையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மின்சாரத்துக்கு எண் இருக்கிறது, புகைக்கு எண் இருக்கிறது. சுரங்கத்தில் இறங்குகிற மனுஷனுக்கு எண் கிடையாது.

வாக்குறுதி என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு எங்க பக்கமே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாக்கியத்தின் அமைப்பை மட்டும் பாருங்கள். யாருக்கு என்பது இருக்கிறது. என்ன, எவ்வளவு என்பது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்ந்தது 'நான்' என்று அவளே சொல்கிறாள். இவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் அது கடனாகிறது. சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் அதைச் செலுத்தினார், அதனால் அவளுக்கு அண்ணன் ஆனார் என்று வைணவ மரபு சொல்கிறது. அளவு இல்லாத வேண்டுதலாக இருந்திருந்தால் அவர் எதைச் செலுத்தியிருப்பார்? நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் இருக்கிறது. வாக்குறுதி என்ற சொல்லில் அது இல்லை.

கவிதை வேறு, அரசாங்கம் வேறு, அரசு எழுத்து கொஞ்சம் பொதுவாகத்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ராஜபாளையத்துக்கு வந்து பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. 1936இலிருந்து நூல் நூற்கிற ஊர் இது. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் தூத்துக்குடியில் வந்தது. பிறகு தமிழ்நாட்டுப் பஞ்சாலைகள் சொந்தத் தேவைக்குக் காற்றாலை போட்டன. அவற்றுக்காக அரசு எழுதிய வரிகளில் ஒரு மங்கலும் கிடையாது. தொண்ணூறுகளில் முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துக் காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். சதவீதம், மாதம், யூனிட் எல்லாம் எழுத்தில் உண்டு. அரசுக்கு எழுதத் தெரியும்ங்க. ஆனால் அந்தச் சலுகை எதுவும் மில்லில் ஷிப்டு பார்க்கிறவரின் சம்பளத்தோடு கட்டப்படவில்லை. முதலாளிக்கான மாற்றம் எண்ணில் எழுதப்பட்டது. தொழிலாளிக்கானது 'நலன் பேணப்படும்' என்பதோடு முடிகிறது.

இது எங்கே போய் முட்டும் என்பதற்கு நெய்வேலியைப் பார்க்கலாம். 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் இன்று என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் தென்காசிப் பக்கம் கழுநீர்குளத்தில் காற்றாலையும், எங்க விருதுநகர் உட்படத் தென்மாவட்டங்களில் சூரிய மின் நிலையங்களும் நடத்துகிறது. நிறுவனம் மாறத் தொடங்கிவிட்டது. நிரந்தரப் பணி கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடும் ஒப்பந்தத் தொழிலாளி நெய்வேலியிலேயே நிற்கிறார். சூரியத் தகடுகளைப் பொருத்தும்போதுதான் ஆள் நிறைய வேண்டும். ஓடத் தொடங்கியபின் துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். நிலம் கொடுத்தவர்களின் கதையும் முடியவில்லை. 2023 ஜூலையில்கூட வளையமாதேவியில் கதிர் வரப்போகும் நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்தை விரிக்கும்போதே இந்த நிலை. மூடுகிற நாளில் இவர்களுக்கு யார் பதில் சொல்வார்?

வேறு மாதிரி எழுத முடியும் என்பதற்கு ஸ்பெயின் ஓர் உதாரணம். 2018 அக்டோபரில் அரசும் சங்கங்களும் நிறுவனங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட நிலக்கரி ஒப்பந்தத்தில் 25 கோடி யூரோ என்ற தொகை இருந்தது. 48 வயதைத் தாண்டிய சுரங்கத் தொழிலாளர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு என்று வயதுகூட இருந்தது. அது ஒழுங்காக நிறைவேறியதா என்று அங்கே சண்டை போடலாம். சண்டை போடுவதற்கு அவர்கள் கையில் ஓர் எண் இருக்கிறது. நம்மிடம் 'படும்' மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் எந்தத் தெருவிலும் கணக்குக் கேட்க முடியாது.

அடுத்த தேர்தல் அறிக்கை வரும்போது இளம் வாசகர்கள் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். 'படும்' என்று முடிகிற ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் யார், எவ்வளவு, எப்போது என்ற மூன்று கேள்விகளை எழுதுங்கள். ஓரம் நிரம்பிய அந்தத் தாளை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமே நீட்டி, "இதுல நீங்க நேர்ந்துக்கிட்டது எது அண்ணாச்சி?"ன்னு கேளுங்கள்.