தேர்ந்த வழக்கும் தள்ளிய வழக்கும்

வக்கீல் ஒருவர் நடத்திய காவல் மரண வழக்கைச் சொல்லும் 'ஜெய் பீம்' திரைப்படம் 2021இல் வெளிவந்தது முதல், உரிமை இயக்கங்கள் நாடறியும் முன்னுதாரண வழக்குகளையே தேடி நடத்தவேண்டும், சில்லறை வழக்குகளில் சக்தியை விரயம் செய்வது விவேகமன்று என்ற அபிப்பிராயம் பலர் வாயில் வருகிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. வக்கீல்கள் சிலரே, நிதியும் சொற்பம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த ஒரே வழக்கு, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவை நாடெங்கும் கட்டாயமாக்கியதை யார் மறுப்பார்?

எனினும் என் ஆட்சேபம் பழையது. ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, பிற மாவட்டத்தில் சொத்துள்ள சகோதரரின் ஜாமீனையும் தள்ளிய மாஜிஸ்திரேட்டைக் கண்டித்து 1978இல் உச்சநீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் மோதி ராம் வழக்கில் எழுதிய தீர்ப்பினும் சிறந்த முன்னுதாரணம் எது? ஆயினும், துப்புத் துலங்காத திருட்டுக்காகக் கண்டமங்கலம் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து இருளர் பழங்குடியினர் ஒருவரைப் பிடித்துச் சென்றால், ஜாமீன் உத்தரவான பின்னும், வீட்டு வரி ரசீதோடு இருவர் வந்து நிற்கும்வரை அவருக்குச் சிறைவாசமே. உறவினர் அனைவரும் புறம்போக்கில் குடிசை போட்டிருக்க, ரசீதுக்கு எங்கே போவது? எல்லைக்கு அப்பால் புதுவையிலுள்ள மைத்துனர் வந்தாலும், வெளி மாநிலத்தார் என்று ஒதுக்கப்படக்கூடும். இத்தகைய வழக்கில் அரசியல் சாசனப் பிரச்சினை ஏதுமில்லை. ஆகவே அதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை.

அதனினும் கொடிது, மாசற்ற கட்சிக்காரரைத் தேடும் வழக்கம். பெயரில் பழைய திருட்டு வழக்கு இருந்தால், 'இவர் உகந்தவரல்லர்' என்று கோப்பை மூடுகிறார்கள். அந்தப் பழைய வழக்கு வந்ததெப்படி? வக்கீல் இன்றி நின்றவர், ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி ஒப்புக்கொண்டதே அடுத்த பொய்வழக்குக்கு அத்தாட்சியாயிற்று. அன்று அவரைக் கைவிட்டவர்களே இன்று அவர் யோக்கியதையைச் சோதிக்கிறார்கள். இந்தத் தேர்வு பெரும்பாலும் வக்கீலின் கீர்த்திக்கான தேர்வு என்றே சொல்வேன்.

தோற்ற வழக்கும் வீணன்று. அத்தியூர் இருளர் பெண்ணுக்குப் புதுவைக் காவலர் 1993இல் இழைத்த கொடுமைக்கு 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் தண்டனை விதித்தது. பின்னர் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முன்னுதாரணக் கணக்கில் அது தோல்வி. ஆனால் அவ்வழக்குக்கான போராட்டத்தின் வழியே, திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், சாதிச் சான்றிதழ் முதல் கொத்தடிமைத்தனம் வரை, வந்தவர் குறையையே தன் வேலையாகக் கொண்டது. உரிமை இயக்கம் எதுவாயினும், உச்சநீதிமன்றத்துக்குச் செலவிடும் நிதியில் பாதியையாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டின் ஜாமீன் மனுக்களுக்கு ஒதுக்கட்டும். வென்ற தீர்ப்புகள் செல்லுபடியாகின்றனவா என்பது அங்கேதான் தெரியும்.