கினிகத்தேனைத் தோட்டப் பாடசாலைகளும் ஆரம்பக் கலைத்திட்டமும்: ஒரு விமர்சன நோக்கு

ஒரு நாட்டின் ஆரம்பக் கலைத்திட்டம் எந்தப் பிள்ளையை மனத்திற்கொண்டு வரையப்பட்டது என்பதை அறிவதற்கு அதன் குறிக்கோளுரையைப் படிப்பதைவிட, மழைநாளொன்றில் முதலாந் தரத்து வகுப்பறையில் அஃது என்னவாகின்றது என்று நோக்குவது பயனுடையது. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், கித்துல்கலைக்கு மேலே அமைந்துள்ள கினிகத்தேனை இத்தகைய நோக்கிற்கு மிகப் பொருந்திய இடமாகும். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மீது மோதி மழையைக் கொட்டும் மேற்குச் சரிவு இது. அயலிலுள்ள வட்டவளை இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவிற்கு அங்கு மழை பெய்கின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில், தகரக் கூரை வேய்ந்த நீண்ட மண்டபமொன்றில் ஆசிரியரின் குரல் பின்வரிசைப் பிள்ளையை எட்டுவது அரிது. விளையாட்டு முற்றம் சேறாகிவிடும். மலையேறியும் மலையிறங்கியும் வரும் பிள்ளைகளில் ஒருசாரார் வாரத்திற் சில நாள்கள் வருவதேயில்லை.

1999ஆம் ஆண்டில் நாடு முழுவதும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஆரம்பப் பருவத்தின் ஐந்து ஆண்டுகளை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. முதலிரு தரங்கள் முதலாம் நிலை. மூன்றாம் நான்காம் தரங்கள் இரண்டாம் நிலை. ஐந்தாந் தரம் தனித்து மூன்றாம் நிலை. முதலாம் நிலையில் வழிகாட்டப்பட்ட விளையாட்டே முதன்மை பெறவேண்டும்; செயற்பாடு அதனை அடுத்து வரவேண்டும்; எழுத்துவேலை மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். மேல்நிலைக்குச் செல்லச் செல்ல இந்த விகிதம் தலைகீழாகும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்பன ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிக்கப்படும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எல்லாப் பிள்ளையும் அடையவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வரையறுக்கப்பட்டன. முதலாந் தரத்திற் சேரும் பிள்ளை எத்தகைய ஆற்றல்களோடு வருகின்றது என்பதைத் தொடக்க வாரங்களிலேயே விளையாட்டின் வாயிலாக அறிந்துகொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது.

இத்திட்டத்தைக் குறைகூறுவோர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஏட்டளவில் இது செம்மையான திட்டம். பிள்ளையின் வளர்ச்சிப் படியை ஒட்டிக் கற்பித்தல் அமையவேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டிற்குப் புதியதன்று. மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்த காலத்திலிருந்தே அது பேசப்பட்டு வந்தது. 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தமும் ஒருங்கிணைந்த ஆரம்பக் கலைத்திட்டத்தையே முன்வைத்தது. அக்காலத்திற் பெருந்தொகையான தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பிலேயே இருக்கவில்லை என்பது வேறு கதை. ஆயினும் அந்த வேறு கதையை விட்டுவிட்டு இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள முடியாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு புகட்டுவது தோட்ட நிருவாகத்தின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆறு வயதிற்கும் பத்து வயதிற்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கற்பித்தால் போதும் என்பதே அதன் அளவு. 1920ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இக்கடமையை மேலும் தெளிவாக்கியது. எனினும், தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாகவே வளரவேண்டும் என்பதில் நலன் கண்ட தோட்டத் துரைமாரே அப்பிள்ளையின் கல்விக்கும் பொறுப்பாளர் ஆயினர். பல தோட்டங்களில் லயத்தின் மூலையிலோ, பிள்ளைக்காம்பராவை ஒட்டியோ, ஓர் அறையில், ஒரே ஆசிரியரின் கீழ் எல்லா வகுப்பும் நடந்தன. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது அதன் பயன் தோட்ட வாயிலோடு நின்றது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை அரசியல் வலுவற்றவராக்கியமையால் அக்குறையை எடுத்துச்சொல்லும் குரலும் சட்டமன்றத்தில் மெலிந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அத்தசாப்தத்தின் பிற்பாதியில், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கின. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஜெர்மானிய உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது.

ஆகவே 1999இன் கலைத்திட்டம் கினிகத்தேனைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றின் படியேறியபோது, அப்பாடசாலைகளிற் பல அரசுப் பாடசாலைகளாகி இருபது ஆண்டுகளே கடந்திருந்தன. ஏனைய இடங்களிற் பல தலைமுறையாகத் திரண்டிருந்த இடமும் ஆளணியும் பயிற்சியும் அங்கு இல்லை. வழிகாட்டப்பட்ட விளையாட்டிற்குத் திறந்த வெளியும், மழைக்கு ஒதுங்கிய தனியறையும், பரப்பி வைக்கப் பொருள்களும் வேண்டும். தடுப்புச் சுவரில்லாத மண்டபத்தில் முதலாந் தரம் விளையாடினால் ஐந்தாந் தரம் பரீட்சைக்குப் படிக்க முடியாது. இதனால் விளையாட்டே முதலிற் கைவிடப்பட்டது. திட்டம் மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று கூறிய எழுத்துவேலை நாளின் பெரும்பகுதியைப் பற்றிக்கொண்டது. ஆசிரியரைக் குறைகூறுவது இங்கு எளிது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று தரங்களுக்குப் பொறுப்பான ஒருவர், ஒரு தரத்திற்கு ஓராசிரியர் என்ற கணக்கில் எழுதப்பட்ட வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு வேறென்ன செய்தல் கூடும்? 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரியர் உதவியாளர் ஆயிரக்கணக்கில் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு மாதத்திற்கு 6,000 ரூபாவே படியாக வழங்கப்பட்டது என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம். பிள்ளையைத் தாங்கவேண்டியவர்களை இவ்வாறுதான் தாங்கினர்.

பல்வகுப்புக் கற்பித்தலுக்கு வழியில்லை என்பதுமில்லை. தமிழ்நாட்டில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, ஆந்திரத்து ரிஷிவேலியின் சிற்றூர்ப் பள்ளிகளிற் பயன்பட்ட அட்டை முறையைத் தழுவியது. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிப்படியாக ஒழுங்கு செய்யப்பட்டது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, தத்தம் படிக்குரிய அட்டையை எடுத்துக் கற்றனர். கரும்பலகை பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கியது. பல நாள் வராத பிள்ளை மீண்டு வரும்போது வகுப்பு தன்னை விட்டுச் சென்றுவிட்டதாக உணரத் தேவையில்லை. தான் நின்ற படியிலிருந்தே தொடரலாம். அம்முறை தமிழ்நாட்டிற் பின்னர் வலுவிழந்தது உண்மையே. அட்டைகள் இயந்திரமயமாகிவிட்டன என்ற கண்டனத்திலும் நியாயம் உண்டு. எனினும் மழையால் வரவு குலையும், ஆசிரியர் தொகை குறைந்த ஒரு மலைச்சரிவின் பாடசாலைக்கு, ஆண்டு முழுவதும் ஒரே சீராக எல்லாப் பிள்ளையும் வந்திருக்கும் என்று எண்ணும் பாடப்புத்தகத்திலும் அம்முறையே அணுக்கமானது.

இடமும் ஆளணியும் பணத்தாற் தீரக்கூடிய குறைகள். கலைத்திட்டத்தின் உள்ளேயே கிடக்கும் குறை வேறு. தேசிய கல்வி ஆணைக்குழு வகுத்த அடிப்படைத் தேர்ச்சிகளுள் தொடர்பாடலும் சுற்றாடலும் தலையாயவை. தோட்டத்துப் பிள்ளையின் தொடர்பாடல் எது? சுற்றாடல் எது? அப்பிள்ளை உறங்குவது அறையிலன்று, காம்பராவில். அது நீர் முகப்பது கிணற்றிலன்று, பீலியில். தாய் விடியுமுன் போவது பெரட்டுக் களத்திற்கு; அங்கிருந்து மேற்கணக்கிற்கோ பணியக்கணக்கிற்கோ. படங்கு, கூடை, கொழுந்து, கவ்வாத்து, அரைப்பேர், கைக்காசு என்னும் சொற்களோடு வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளை, பாடசாலைக்குள் நுழைந்த அன்றே இச்சொற்களை வாயிலில் விட்டுவிட்டுச் செல்லவேண்டும் என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றது. பேச்சுத் தமிழைத் திருத்துவதே மொழிப்பாடம் என்று கருதும் ஆசிரியரிடம் அப்பிள்ளை பேசாதிருக்கப் பழகுகின்றது. பின்னர் அப்பேசாமையே, தொடர்பாடல் தேர்ச்சி குறைவு என்று பதிவேட்டில் எழுதப்படுகின்றது!

கணிதத்தை எடுத்துக்கொண்டாலும் இதுவே. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற பிள்ளைக்கு நிறுவை தெரியும். கூடைக்கென்றும், மழைநாளில் இலையிலுள்ள ஈரத்திற்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றி வீட்டில் நடக்கும் சச்சரவை அது கேட்டிருக்கின்றது. கழித்தல் என்னும் செய்கையின் பொருளை, அதனால் யாருக்கு எவ்வளவு குறைகின்றது என்பது உட்பட, அப்பிள்ளை அறிந்தே வருகின்றது. மாம்பழங்களைப் பங்கிடும் படத்திலிருந்து அதற்குக் கழித்தலைத் தொடக்கவேண்டிய தேவையில்லை. மொழிப்பாடத்திற்கும் பொருளில்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும், மாசி மாதத்துக் காமன்கூத்தும், பொன்னர் சங்கர் கதையும் லயத்துப் பிள்ளையின் காதில் விழுந்தவையே.

கினிகத்தேனைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் இப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கடைத்தெருவிலும் பேருந்திலும் சிங்களம் கேட்டு வளரும் பிள்ளை, இரண்டாம் தேசிய மொழியின் ஒலியையும் ஓரளவு பொருளையும் பாடசாலைக்கு முன்னமே பெற்றிருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு இல்லாத இவ்வாய்ப்பைத் திட்டம் கணக்கிலெடுப்பதில்லை. இரு பிள்ளையும் ஒரே முதற் சொல்லிலிருந்து தொடங்குகின்றன.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்திற்கு விடை கூறாது செல்லுதல் முறையன்று. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்தையே பாடமாக்கினால் அதனைத் தோட்டத்திலேயே கட்டிவைத்ததாகாதா என்று மலையகக் கல்விமான்கள் சிலர் ஐயுறுவர். இவ்வையம் வரலாற்றில் வேரூன்றியது. சிறிது எழுத்தும் சிறிது கணக்கும் போதும் என்று அன்று வரையறுத்தவர்களும் பிள்ளையின் சூழலுக்கு ஏற்ற கல்வி என்றே அதனை நியாயப்படுத்தினர். தோட்டப்புறத்திலிருந்து எழுந்த கல்வி இயக்கம், ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியையும் அதன் அதிபராக விளங்கிய இர. சிவலிங்கம் போன்றாரையும் முன்னிறுத்திய தலைமுறையின் வேட்கை, நாட்டின் ஏனைய பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சையை எழுதி அதே பல்கலைக்கழகத்திற் புகுவதாகவே இருந்தது. தோட்டத்திற்கெனத் தனிக் கலைத்திட்டம் என்ற சொல் அவர்கள் காதில் வசையாகவே ஒலித்திருக்கும். அவ்வேட்கையை எவரும் பழித்தல் தகாது.

ஆனால் இவ்வாதம் தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றாக்கிவிடுகின்றது. ஐந்தாந் தரத்தின் முடிவில் கினிகத்தேனைப் பிள்ளையும் கண்டிப் பிள்ளையும் ஒரே தேர்ச்சியை அடையவேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. முதலாந் தரத்தின் முதல் வாரத்தில் இருவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதும் அதேயளவு உண்மை. காம்பரா என்ற சொல்லை வகுப்பறையில் ஏற்றுக்கொண்ட ஆசிரியர், அறை என்ற சொல்லை மறுநாள் கற்பிப்பது எளிது. ஏற்காதவர் இரண்டு சொல்லையும் பிள்ளையின் வாயிலிருந்து இழந்துவிடுகின்றார். பிள்ளையை இனங்காணும் ஏற்பாடு கலைத்திட்டத்தில் எழுதப்பட்டிருந்தமை இதன் பொருட்டேயாகும். நடைமுறையில் அது படிவம் நிரப்பும் சடங்காகச் சுருங்கிவிட்டது. பென்சில் பிடிக்கின்றதா, நிறங்களை இனங்காண்கின்றதா என்ற வினாக்களுக்குச் சரியிட்டு அடைப்பர். பிள்ளை எதனைப் பேசுகின்றது, தாய் மலைக்குச் சென்றபின் வீட்டில் எவற்றைச் செய்கின்றது, தம்பியைப் பிள்ளைக்காம்பராவிற் கொண்டுபோய் விடுவது யார் என்பன அங்கு கேட்கப்படுவதில்லை.

மூன்றாம் முதன்மை நிலை பற்றி நீண்டு எழுதவேண்டியதில்லை. அதனைப் புலமைப்பரிசில் பரீட்சை விழுங்கிவிட்டது. 1940களில், ஏழைப் பிள்ளைகளுள் ஆற்றல் மிக்கோரை மத்திய கல்லூரிகளுக்குத் தேர்ந்தெடுக்கக் கன்னங்கராவின் காலத்தில் ஏற்பட்ட அப்பரீட்சை, இன்று பத்து வயதுப் பிள்ளையின் ஓராண்டை வினாத்தாள் பயிற்சியாக்குகின்றது. வெட்டுப்புள்ளி மாவட்டத்திற்கும் மொழிக்கும் ஏற்ப வேறுபடுவதால் நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஓரளவு காக்கப்படுகின்றனர் என்பது மெய்யே. எனினும் சிறிய பாடசாலையொன்றில் சித்தியடையும் ஓரிருவரின் பொருட்டு ஏனையோரின் எழுத்தறிவுக் குறை மறைக்கப்படுவதை அப்பாதுகாப்பு ஈடுசெய்யாது. நான்காந் தரத்தை முடித்தும் சரளமாக வாசிக்க இயலாத பிள்ளைக்கு ஐந்தாந் தரத்தில் எவரும் வாசிக்கக் கற்பிப்பதில்லை. அதற்கு நேரசூசியில் இடமில்லை.

திட்டமிடலின் இறுதிக் கண்ணி ஆசிரியரின் பாடக்குறிப்பே ஆகும். அதில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், செயற்பாடு, கணிப்பீடு என்று நிரல்கள் உண்டு. மேற்பார்வைக்கு வரும் அதிகாரி பார்ப்பதும் அவற்றையே. வகை மூன்றைச் சேர்ந்த தோட்டப் பாடசாலைகளில் முதலாந் தரத்திற்கேனும், கடந்த வாரம் மழையால் வராதோர் யார், அவர்கள் எந்தப் படியில் நிற்கின்றனர், வீட்டிலிருந்து எந்தச் சொல்லையும் கதையையும் கொண்டுவந்தனர் என்பவற்றை எழுத மேலும் இரண்டு நிரல்களை ஹட்டன் வலயம் சேர்த்துக்கொள்ளலாம். மகரகமவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டிய அளவுக்குப் பெரிய மாற்றமன்று அது. அந்நிரல்களை நிரப்ப ஆசிரியருக்குத் தேவைப்படுவது, தகரக் கூரையின் ஓசைக்கு அப்பால் பிள்ளை பேசுவதைக் கேட்கக்கூடிய ஒரு தடுப்புச் சுவரும், கேட்பதற்கான நேரமுமே.