உம்மை கெட்ட படம்

வேலந்தாவளம் டீக்கடைகளில் சினிமாப் பேச்சு எழுந்தால், தெலுங்கு ‘பீம்லா நாயக்’ (2022) மலையாள ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தைவிட ஒருபடி மேல் என்று சாதிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மூலம் இழுவையாம், மறுஆக்கம் விறுவிறுப்பாம். நம் பாலக்காட்டு மண்ணில் நடக்கும் கதையைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

தெலுங்குப் படத்தின் பலங்களை மறுக்கவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்தை இரண்டரை மணிக்குள் அடக்கியிருக்கிறார்கள். தமனின் இசை அரங்கை அதிரவைக்கிறது. எதிராளியாக வரும் ராணா குறை வைக்கவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அது தலைப்பிலேயே தொடங்குகிறது.

‘அய்யப்பனும் கோஷியும்’ என்பதில் இரண்டு ‘உம்’ இருக்கின்றன. நம் இலக்கணம் இதை எண்ணும்மை என்கிறது. எண்ணும்மை இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும், ஒருவரை ஏற்றி மற்றவரை இறக்காது. இயக்குநர் சச்சியின் திரைக்கதை முழுக்க இந்த உம்மையின் மேல்தான் நிற்கிறது. மறுஆக்கம் ஒரு பெயரை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டது.

கதை நடக்கும் அட்டப்பாடி மதுவிலக்குப் பகுதி. ஒரு புட்டி இந்தப் பக்கம் வெறும் சரக்கு, அந்தப் பக்கம் குற்றம் என்பது எல்லைச் சோதனைச் சாவடி பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதல்ல. கட்டப்பனைக்காரன் கோஷி, முன்னாள் ஹவில்தார், புட்டிகளோடு பிடிபடுகிறான். அது அவன் தவறு. பறிமுதல் செய்த சரக்கையே அவனுக்கு ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறார் எஸ்.ஐ. அய்யப்பன் நாயர். இது இவர் தவறு. கோஷி அதைப் படம்பிடித்து வெளியே விட, அவருடைய சீருடை பறிபோகிறது, சொன்னபடி ஊற்றிய, பாவம் அறியாத பெண் காவலர் ஜெஸ்ஸியின் வேலையும் போகிறது. ஆக, ஒரே சட்டம் இருவர் காலையும் இடறிவிடுகிறது. கோஷியைத் திமிர்பிடித்தவன் என்று நாம் முடிவுகட்டும்போது, தகப்பனின் பிடியில் குறுகி நிற்கும் மகனைச் சச்சி காட்டுகிறார். அய்யப்பனைச் சாந்தசொரூபி என்று நம்பும்போது அவருக்குள்ளிருந்து பழைய மிருகம் எழுகிறது. கடைசிச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். இழுவை என்று இவர்கள் சொல்லும் நேரமெல்லாம் இந்தத் தவிப்பை வளர்க்கத்தான் செலவாகியிருக்கிறது.

தெலுங்கிலோ, பீம்லாவாகப் பவன் கல்யாண் திரையில் வந்த கணமே பக்கம் முடிவாகிவிடுகிறது. அதன்பின் எதிராளி அடி வாங்குவதற்காகவே வளர்க்கப்படுகிறான். பிஜு மேனனின் அய்யப்பன் வேலையை இழந்தபோது நமக்கு அச்சம் வந்தது. பீம்லா இழந்தபோது விசில்தான் வந்தது. அய்யப்பனின் மனைவியும் பழங்குடிப் போராளியுமான கண்ணம்மா கோஷியின் முகத்துக்கு நேரே பேசும்போது ஒரு சமூகத்தின் கோபம் பேசியது. நித்யா மேனனின் சுகுணாவுக்கும் கோபம் உண்டு, ஆனால் அது கணவன் புகழ்பாடவே பயன்படுகிறது.

பாட்டையும் சொல்லவேண்டும். அட்டப்பாடியின் நஞ்சம்மா தன் இருளர் மொழியில் தானே எழுதிப் பாடிய பாட்டுக்குத் தேசிய விருது வந்தது. அந்தப் பாட்டு எந்த நாயகனையும் பாடவில்லை. அவர் மண்ணின் மரங்களைப் பாடியது. தெலுங்கிலும் கின்னேரா கலைஞர் மொகிலையாவின் அருமையான நாட்டுக்குரல் கிடைத்தது. அந்தக் குரலையும் பீம்லாவின் பெருமை பேச வைத்துவிட்டார்கள்.

சச்சிக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும், மாஃபியா சசி, ராஜசேகர், சுப்ரீம் சுந்தர் மூவருக்கும் சண்டைப் பயிற்சி விருதும் கிடைத்தன. இரண்டும் ஒரே படத்துக்கு வந்ததில் வியப்பில்லை. சம எடை கொண்ட இருவர் மோதினால்தான் அது சண்டை. ஒருவர் ஜெயிப்பார் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிட்டால் அது வெறும் ஊர்வலம். இந்தக் கதையை இனி எந்த மொழியில் எடுத்தாலும், முதலில் அந்த ‘உம்’மைக் காப்பாற்றட்டும்.